நீங்கள் எதிர்பார்க்காத பிரிட்டிஷ் தேர்தல் முடிவு எது? (எனக்கு 1992)

வாசகர் கேள்வி – 05 யூலை 2024

நேற்றிரவு பத்து மணிக்கு வாக்களிப்பு முடிந்த கையோடு வந்த கணிப்பு, தொழிற்கட்சிக்கு 410 ஆசனம் என்றது. விடிய எழும்பிப் பார்த்தால் ஏறத்தாழ அதேதான். இப்படி உப்புச்சப்பில்லாத தேர்தல் இரவை நான் பார்த்ததில்லை. இங்கே கனகாலமாக இருக்கிறவர்களிடம் கேட்கிறேன்: முடிவைக் கேட்டு உண்மையாகவே திகைத்துப்போன தேர்தல் எது? என் சித்தப்பா 1992 என்கிறார். அதே மூச்சில், மேஜர் வெல்வார் என்று தனக்கு முதலே தெரியும் என்றும் சொல்கிறார்.

06 யூலை 2024, காலை 6.10

உங்கள் சித்தப்பா புளுகுகிறார். 1992 ஏப்ரல் 9ஆம் திகதி, வியாழக்கிழமை, கன்சர்வேட்டிவ் (டோரி) கட்சிப் பிரதமர் ஜோன் மேஜர் வெல்வார் என்று நான் அறிந்த தமிழர் ஒருத்தருக்கும் தெரியாது. 10ஆம் திகதி மத்தியானம்தான் எல்லாருக்கும் முதலே தெரிந்திருந்தது.

நான் அப்போது ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டில் ஏழு பேரில் ஒருவன். பகலில் படிப்பு. கிழமையில் நாலு இரவு எசெக்ஸில், ஏ127 வீதியோரம், பசில்டனுக்குக் கிட்ட ஒரு பெற்றோல் ஸ்ரேசனில் வேலை. தேர்தல் தெரிந்தவர்களுக்குப் பசில்டன் என்றால் போதும். அந்த இரவு அங்கேதான் தொழிற்கட்சியின் கதை முடிந்தது. நானும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தேன், பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால், மேசைக்குக் கீழே ஒரு குட்டி ரிவியோடு. பதினொன்று தாண்டி, நள்ளிரவுக்கு முன்னம், டேவிட் அமெஸ் என்ற டோரி வேட்பாளர் காது வரைக்கும் சிரித்துக்கொண்டு மேடையில் நின்றது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. 1,480 வாக்கு வித்தியாசம். தொழிற்கட்சித் தலைவர் கினொக் பிரதமராவதென்றால் விழவேண்டிய தொகுதிகளில் ஒன்று அது. விழவில்லை.

நான் தொழிற்கட்சிக்குத்தான் போட்டேன். இலங்கைப் பாஸ்போட்டோடு. இப்போது வருகிற பெடியளுக்கு இது தெரியாது: இங்கே சட்டப்படி வசிக்கிற பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம்.

06 யூலை 2024, காலை 6.25

நாலு இரவு என்றேன். சில கிழமை ஐந்து.

06 யூலை 2024, இரவு 11.40

அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. இரவு பத்துக்குப் பிறகு கதவு பூட்டு. வாகனக்காரர் வெளியே நின்று ஒலிவாங்கியில் கதைப்பார், நான் உள்ளே இருந்து காசுத்தட்டைத் தள்ளுவேன், அவர் காசைப் போட இழுப்பேன். “மூன்றாம் நம்பருக்கு பதினைந்து பவுண்.” பால், சிகரெட், சுருட்டுத் தாள். இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் ஒரு குருவி வராது. நாலுக்குப் பத்திரிகைக் கட்டுகள் வந்து விழும். கத்தியால் கயிற்றை அறுத்து, எண்ணி, அடுக்குவேன். கை முழுக்க மை.

நாலரைக்கு வேலைக்குப் போகிற வான்கள் தொடங்கும். பசில்டன், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டின புதுநகரம். கிழக்கு லண்டனில் நெரிசல் வீடுகளில் இருந்த சனம் அங்கே குடியேறியது. போர்ட் டிராக்டர் தொழிற்சாலை அங்கேதான். பாரம்பரியமாகத் தொழிற்கட்சிக்குப் போட்ட குடும்பங்கள். 1980 வீடமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, வாடகைக்கு இருந்த கவுன்சில் (உள்ளூராட்சி) வீட்டை மலிவாகச் சொந்தமாக வாங்கிக்கொண்ட குடும்பங்கள். வீதியால் நடந்தால் எது வாங்கின வீடு, எது வாடகை வீடு என்று கதவைப் பார்த்தே சொல்லலாம். வாங்கினவர் முதலில் கதவைத்தான் மாற்றுவார்.

என்னிடம் வந்தவர்களில் ஒருவர் சுவர்ப்பூச்சு வேலைக்காரர். ஐம்பது வயதிருக்கும். கண் இமையில் எப்போதும் வெள்ளைத் தூள். வெள்ளை வான். ‘சன்’ பத்திரிகை ஒன்று, சொசேஜ் ரோல் ஒன்று. நாட்டில் மந்தம், 1991இல் மட்டும் 75,000க்கும் மேற்பட்ட வீடுகளை வங்கிகளும் வீட்டுக்கடன் கொடுக்கிற சங்கங்களும் பறித்திருந்தன, வட்டி 10 சதவீதத்துக்கு மேல். அவருக்குக் கிழமையில் இரண்டு நாள்தான் வேலை. ஆனாலும் ஐந்து நாளும் நாலரைக்கு வருவார். ஒருநாள் கேட்டேன், வேலை இல்லாத நாளில் எங்கே போகிறீர்கள் என்று. “வானுக்குள் இருப்பேன்” என்றார்.

ஏப்ரல் 9 விடிய, வாக்களிப்பு நாளன்று, ‘சன்’ முன்பக்கத்தில் கினொக்கின் தலையை ஒரு மின்குமிழுக்குள் வைத்திருந்தார்கள். இவர் வென்றால் நாட்டை விட்டுக் கடைசியாகப் போகிறவர் தயவுசெய்து லைட்டை அணைத்துவிட்டுப் போகவும், என்ற மாதிரி. வான்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். “இது கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார். பிறகு, தான் இந்தமுறை லேபர்தான் (தொழிற்கட்சி) என்றார். பதின்மூன்று வருசம் போதும் என்றார்.

மற்றநாள் விடிய அதே நேரம் வந்தார். அதே பதினைந்து பவுண். தட்டில் காசைப் போட்டுவிட்டு, “அப்ப, நாங்கள் வெண்டிட்டம்” என்றார்.

நாங்கள்!

07 யூலை 2024, காலை 9.05

திருத்தம். என் பழைய அறைத்தோழர் ஒருவர் இதை வாசித்துவிட்டு வட்ஸ்அப்பில் ஏசியிருக்கிறார். வேலைத்தலத்தில் ரிவியே இருக்கவில்லையாம். அந்தக் குட்டி ரிவி ஈஸ்ட்ஹாம் வீட்டுச் சமையலறையில் இருந்தது. அன்றிரவு ஆறு பேரும் அதைத்தான் சுற்றியிருந்து பார்த்தார்களாம்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். என்னிடம் இருந்தது ரேடியோ. பசில்டன் முடிவை நான் காதால்தான் கேட்டேன். அமெஸின் சிரிப்பு பிறகு வருசாவருசம் ரிவியில் போட்டுக்காட்டினது. அதை எடுத்து என் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டது நான்தான். முப்பத்திரண்டு வருசமாகச் சொல்லிவருகிறேன், ஒருத்தரும் மறுக்கவில்லை.

ரேடியோவில் கேட்டது என்ன என்று இப்போது மெய்யாக யோசிக்கிறேன். பெயர்கள், எண்கள், பிறகு ஒரு பெரிய ஆரவாரம். யாருடைய ஆரவாரம் என்று உடனே பிடிபடவில்லை. அறிவிப்பாளர் சொல்லும் மட்டும் சந்தோசப்படுவதா இல்லையா என்று தெரியாமல் தட்டில் கைவைத்தபடி நின்றேன். ஒரு கார் ஏ127ஆல் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது நிச்சயம் நடந்தது. (நடந்ததா? நடந்தது.)

07 யூலை 2024, பிற்பகல் 3.30

கருத்துக்கணிப்புகள் ஏன் பிழைத்தன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவு.

கடைசி நாள் கணிப்புகள் பொதுவாக இரண்டு கட்சிகளும் தலைக்குத் தலை, அல்லது தொழிற்கட்சி மயிரிழை முன்னே என்றன. உண்மையில் டோரிகள் 7 சதவீதத்துக்கு மேல் முன்னே. இரவு பத்து மணிக் கணிப்பும் தொங்கு பாராளுமன்றம்தான் என்றது. முடிவு: டோரி 336, தொழிற்கட்சி 271, லிபரல் டெமோக்கிரட் 20. பெரும்பான்மை 21. 1,40,00,000க்கு மேற்பட்ட வாக்குகள், இந்த நாட்டில் ஒரு கட்சி இன்றுவரை வாங்கியதிலேயே கூடியது. பிளேயர் வாங்கவில்லை, ஜோன்சன் வாங்கவில்லை. எல்லாரும் உப்புச்சப்பில்லாத சாம்பல் மனிதர் என்று பகிடி பண்ணின மேஜர் வாங்கினார். போன கிழமை ஸ்டாமர் வாங்கினது ஒரு கோடிக்கும் குறைவு, ஆசனமோ 400க்கு மேல். கணக்கு அப்படி.

கணிப்புக்காரர்கள் பிறகு விசாரணை வைத்து 1994இல் அறிக்கை விட்டார்கள். கடைசி நேரத்தில் மனம் மாறினவர்கள் ஒரு பங்கு. மாதிரி எடுத்த முறை பழசு, நாட்டின் உண்மையான கலவையைக் காட்டவில்லை என்பது இன்னொரு பங்கு. மூன்றாவது, டோரிக்குப் போட இருந்தவர்கள் கேட்டவனுக்குச் சொல்லவில்லை. அதற்குத்தான் ‘வெட்கப்படும் டோரி’ என்று பெயர் வந்தது.

வெட்கம் என்ற சொல் எனக்குச் சரியாகப் படவில்லை. என் வான்காரர் வெட்கப்பட்ட ஆள் இல்லை. எதிரில் நிற்கிற பெடியன் எதைக் கேட்க விரும்புவான் என்று பார்த்துச் சொன்னார். நானும் என் மாமிக்கு அப்படித்தான் சொல்வேன், சாப்பாடு நல்லாயிருக்கு என்று.

07 யூலை 2024, பிற்பகல் 3.42

மாமி இந்த இழையை வாசிப்பதில்லை. வாசிக்கிற யாரும் சொல்லிவிடவேண்டாம்.

09 யூலை 2024, இரவு 10.15

ஒருவர் எழுதியிருக்கிறார்: ஷெஃபீல்டில் கினொக் போட்ட கூத்துத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று. ஏப்ரல் 1ஆம் திகதி, பத்தாயிரம் பேர், வென்றுவிட்ட மாதிரி மேடையேறி ‘சரிதானே, சரிதானே’ என்று கத்தினது. நான் ஒன்று சொல்லுகிறேன். அந்தக் கிழமை கண்ணாடிக்கு வெளியே நின்ற ஒரு ஆளும் ஷெஃபீல்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. தோற்றபிறகுதான் ஷெஃபீல்ட் பெரிதானது. செத்தவீட்டில், ‘அண்டைக்கே முகம் ஒரு மாதிரி இருந்தது’ என்று சொல்வார்களே, அதுதான்.

அவர்கள் கதைத்தது வரி. தொழிற்கட்சியின் நிதிப் பேச்சாளர் ஜோன் ஸ்மித் மார்ச்சில் ஒரு மாற்று வரவுசெலவுத் திட்டம் வைத்தார். ஆண்டுக்கு 21,000 பவுண்களுக்குச் சற்று மேலே உழைப்பவர்களிடம் தேசியக் காப்புறுதிக்குக் கூடுதலாக எடுப்பது, மேல்தட்டுக்கு 50 சதவீத வருமானவரி. நேர்மையான கணக்கு, நான் இன்றைக்கும் சொல்வேன். டோரிகள் அதற்கு முன்னமே ஊர் முழுக்க வரிக்குண்டு என்று பெரிய குண்டுப் படம் ஒட்டியிருந்தார்கள்.

வான்காரர் அந்த வருசம் 21,000இல் பாதியாவது உழைத்திருப்பாரா தெரியாது. ஆனால் வேலை திரும்பி வந்தால், மகனையும் சேர்த்துக்கொண்டால், இரண்டாவது வான் எடுத்தால் என்று அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று கணக்குப் பார்த்ததை நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். உழைத்த காசுக்கு வரி போட்டால் மனிசன் முணுமுணுத்துவிட்டுக் கட்டுவான். இனி உழைக்கப்போகிற காசில் கைவைத்தால் விடமாட்டான்.

பிளேயர் 1996 தொழிற்கட்சி மாநாட்டில் ஒரு கதை சொன்னார். 1992 பிரசாரத்தில், தன் போர்ட் சியரா காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு ஆளைச் சந்தித்தாராம். தகப்பன் தொழிற்கட்சி, தானும் ஒருகாலம் தொழிற்கட்சி, பிறகு வீடு வாங்கினான், இப்போது டோரி. அந்த ஆளைப் பார்த்த இடத்தில் தேர்தல் தோல்வி தனக்கு விளங்கிவிட்டது என்றார். எனக்கு அவ்வளவு கெட்டித்தனம் இல்லை. நான் அதே ஆளுக்கு ஆறு மாதம் சொசேஜ் ரோல் விற்றேன்.

09 யூலை 2024, இரவு 10.50

இன்னொரு திருத்தம், யாரும் பிடிக்கமுதல் நானே சொல்லிவிடுகிறேன். பத்தாம் திகதி விடிய ‘வென்றது சன்தான்’ என்று அந்தப் பத்திரிகை பீற்றின முன்பக்கத்தை நானே கயிறு அறுத்து எடுத்தேன் என்று பல விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். அந்தத் தலைப்பு வந்தது 11ஆம் திகதி, சனிக்கிழமை. சனி விடிய நான் வேலையில் இருந்தேனா? வெள்ளி இரவு வேலைக்குப் போனது நினைவிருக்கிறது, காரணம் வேறு. பிறகு எழுதுகிறேன்.

10 யூலை 2024, காலை 7.20

‘நாங்கள் வெண்டிட்டம்’ விசயம்.

அவர் சொன்னது ஆங்கிலத்தில். அதில் இதற்கு ஒரே சொல்தான். என்னையும் சேர்த்துச் சொன்னாரா, என்னை விட்டுச் சொன்னாரா என்று அந்தச் சொல்லை வைத்துப் பிடிக்கமுடியாது. தமிழில் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்: நாம் என்றால் நீயும் நானும், நாங்கள் என்றால் நீ வெளியே. நான் அதைத் தமிழில் நினைவு வைத்திருக்கிறபோதே ‘நாங்கள்’ என்று மொழிபெயர்த்துவிட்டேன். அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்துவிட்டு முப்பது வருசம் அவரோடு கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒருவேளை, இந்த நாட்டில் இருக்கிற எல்லாருமாக, நீயுமாக, என்றுதான் சொன்னாரோ?

10 யூலை 2024, காலை 8.02

மதுரை வாசகருக்கு: ஓம், பிடித்துவிட்டீர்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் நாங்களே இரண்டுக்கும் ‘நாங்கள்’ என்றுதான் சொல்லித் திரிகிறோம். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்த திமிரில் எழுதிவிட்டேன். உங்கள் ஊரில் ‘நாம’, ‘நாங்க’ என்று ஒழுங்காகப் பிரிக்கிறீர்கள். அவரை மதுரைக்கு அனுப்பியிருக்கவேண்டும்.

12 யூலை 2024, இரவு 9.30

எங்கள் வீட்டு ஆறு பேருக்கும் ஏன் அவ்வளவு அக்கறை என்று கேட்டவருக்கு.

அவர்களில் நாலு பேரின் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. 1991 நவம்பரில் அரசு ஒரு புதிய அசைலம் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. தேர்தலுக்காக மார்ச் 16இல் பாராளுமன்றத்தைக் கலைத்தபோது அது அப்படியே விழுந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயாசம். கினொக் வந்தால் அது திரும்ப எழும்பாது என்பது சமையலறைக் கணக்கு. மேஜர் வந்தார், எழும்பியது. 1993இல் சட்டமானது. விரலடையாளம் எடுப்பது அதோடுதான் வந்தது.

சும்மா பயந்தவர்கள் என்று நினைக்கவேண்டாம். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில், திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நம்மவர்கள் ஓடுபாதையில் உள்ளாடையோடு நின்று போராடினதை எல்லாரும் பார்த்திருந்தோம். அதே வருசம் ஹார்விச்சில் ஒரு பழைய கப்பலைத் தடுப்புமுகாமாக்கி உள்ளே விட்டார்கள். ஒக்ரோபர் புயலில் அந்தக் கப்பல் கயிறு அறுந்து மிதந்து போனது. எங்கள் வீட்டுக் கீழ் அறை அண்ணை அதைச் சொல்லும்போது, அரசாங்கமே எங்களைத் தள்ளிவிட முயற்சித்தும் கடல் கரையில் கொண்டுவந்து போட்டுவிட்டது என்பார்.

ஏழு பேர் இருந்தும் வாக்காளர் பட்டியலில் இரண்டே பெயர்: கீழ் அறை அண்ணை, நான். காரணம், போல் டக்ஸ். தலைக்கு இவ்வளவு என்று 1990இல் இங்கிலாந்தில் வந்த வரி. மாணவர் 20 சதவீதம் கட்டினால் போதும். வாக்காளர் பட்டியல் வேறு, வரிப் பட்டியல் வேறு என்று சட்டம் சொன்னாலும், ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதில் கடிதம் வரும் என்று சனம் பயந்தது. வோட்டுப் போடுகிற வெறி இருந்த ஐந்து பேருக்குப் பெயர் இல்லை. பெயர் இருந்த இரண்டு பேர்… அதை விடுங்கள்.

கீழ் அறை அண்ணை கினொக்கில் பத்துப் பவுண் பந்தயமும் கட்டியிருந்தார்.

12 யூலை 2024, இரவு 9.55

வெள்ளி இரவு. 10ஆம் திகதி. நாடே தேர்தலைக் கதைத்துக்கொண்டிருக்க, இரவு ஒன்பது மணிபோல் லண்டன் சிற்றியில் போல்டிக் எக்ஸ்சேஞ்ச் கட்டிடத்துக்கு வெளியே ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் ஆயுத இயக்கம்) வைத்த குண்டு. மூன்று பேர் செத்தார்கள். அந்த இடத்துக்குக் கூப்பிடுதூரத்தில் ஃபென்சர்ச் ஸ்ட்ரீற் நிலையம். நான் வேலைக்குப் போகிற பாதை அங்கேதான் தொடங்கும். நல்லகாலம், நான் பார்க்கிங் பக்கத்தால் ஏறுகிறவன், அந்த நேரம் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் வெள்ளி இரவு வேலையில் இருந்தது உறுதி. அப்போ சனி விடிய கயிறு அறுத்ததும் உண்மை. விருந்துக் கதையில் திகதி மட்டும்தான் பிழை. கொஞ்சம் ஆறுதல்.

(பார்க்கிங் ஊர். கார் நிறுத்துமிடம் அல்ல.)

அந்தக் குண்டை இன்று யாருக்கும் நினைவில்லை. தேர்தல் தின்றுவிட்டது.

13 யூலை 2024, காலை 10.00

அப்பாவின் கடிதம். இதைத் தேடி எடுக்க இரண்டு பெட்டி இறக்கினேன்.

1992இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடை. சைக்கிளை நிறுத்தி, பின் சில்லைச் சுற்றவைத்து, டைனமோவில் ரேடியோ கேட்பார்கள். எங்கள் வீட்டில் தங்கச்சி பெடல் மிதிக்க அப்பா பி.பி.சி. தமிழோசை கேட்பார். கடிதம் கொழும்பால் ஒருவர் கையில் வந்து எனக்குக் கிடைத்தது ஓகஸ்டில். அதில்:

“மேஜர் வெண்டிட்டார் எண்டு கேட்டம். தோத்தவரைப் பற்றிச் சொல்லத் தொடங்க தங்கச்சிக்குக் கால் உளைஞ்சு போச்சு, மிச்சம் கேக்கேல்லை. இந்த மேஜர் ஆமியில இருந்தவரோ? உனக்கு அதால ஏதும் கரைச்சலோ?”

அன்றைய யாழ்ப்பாணத்தில் மேஜர் என்றால் வேறென்ன நினைப்பது? பதில் எழுதினேன்: அது பதவி இல்லை, குடும்பப்பெயர். அவர் பிரிக்ஸ்டனில் வறுமையில் வளர்ந்தவர், தகப்பன் சர்க்கஸில் வித்தை காட்டினவர், பிறகு தோட்டத்துக்கு வைக்கிற குள்ளப் பொம்மை செய்து விற்றவர். அதற்கு வந்த பதில் இரண்டே வரி. “சர்க்கஸ்காரன்ர மகன் பிரதமர் எண்டால் நல்ல நாடுதான். நீ ஒழுங்காப் படி.”

எங்கள் வீட்டில் மேஜருக்கு ஆதரவாக விழுந்த ஒரே கருத்து அது.

15 யூலை 2024, இரவு 8.45

வான்காரருக்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்கிறீர்கள். செப்டெம்பர் 16, கறுப்புப் புதன். பவுணைக் காப்பாற்ற வட்டியைக் காலையில் 10இலிருந்து 12 ஆக்கி, பின்னேரம் 15 ஆக்கப்போகிறோம் என்று சொல்லி, இரவே தோற்று ஐரோப்பிய நாணயப் பொறிமுறையை விட்டு வெளியே வந்தார்கள். மற்றநாள் விடிய அவர் வந்து, ஒரு நாளில் மூன்று வட்டி என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க நாக்கு நுனிமட்டும் வந்தது. பதினைந்து பவுணை எடுத்துத் தட்டைத் தள்ளினேன்.

அந்த மாரிக்குப் பிறகு அவர் வரவில்லை. நானும் 93இல் அந்த வேலையை விட்டேன்.

வென்றவர்களுக்கு அதிலிருந்து ஐந்து வருசம் முழுக்கக் கரைச்சல். வெற்றியை முன்னின்று நடத்தின கிறிஸ் பற்றன் தன் சொந்த பாத் தொகுதியில் தோற்றார். தோற்றவருக்கு ஹொங்கொங் ஆளுநர் மாளிகை கிடைத்தது. இதற்குமேல் பகிடி வேண்டுமா? 97இல் பசில்டன் தொழிற்கட்சிக்குப் போனது. 97 ஆச்சரியமில்லை, அது வெறும் சந்தோசம். அதைப்பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

அமெஸ் அதற்கு முதலே சவுத்எண்ட் மேற்குக்கு மாறிவிட்டார். அவரது சிரிப்பை வைத்து முதல் குறிப்பில் பகிடிபோல எழுதிவிட்டேன். 2021 ஒக்ரோபர் 15இல் தொகுதிச் சனத்தைச் சந்திக்கப் போன இடத்தில், லீ-ஒன்-சீயில், அவரைக் குத்திக் கொன்றார்கள். செய்தி கேட்ட அன்று எனக்கு முதலில் வந்தது அந்த ரேடியோ ஆரவாரம்தான். சவுத்எண்டை நகரமாக்கவேண்டும் என்று வருசக்கணக்காக நச்சரித்தவர். அவர் செத்தபிறகு ஆக்கினார்கள்.

18 யூலை 2024, விடிய 4.30

இந்த நேரத்துக்கு இன்னும் முழிப்பு வருகிறது. பழைய வேலைப் பழக்கம்.

முதல் குறிப்பில் ஒரு பொய் எழுதினேன். ரிவி நினைவுப்பிழை. இது பொய்.

நான் வோட்டுப் போடவில்லை.

9ஆம் திகதி காலை ஆறுக்கு வேலை முடிந்து, ரயில் பிடித்து, ஏழரைக்கு ஈஸ்ட்ஹாம். மூலையில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி திறந்துவிட்டது. அறிவித்தல் அட்டை ஜக்கெற் பொக்கற்றில். கண் எரிந்தது. படுத்து எழும்பிப் போகலாம், பத்துமட்டும் நேரம் இருக்கு என்று நினைத்தேன். எழும்பும்போது இரவு ஏழு நாற்பது. எட்டேகாலுக்கு வெளிக்கிட்டால்தான் ரயில். பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம், ஐந்து நிமிச நடை. நான் சமையலறையில் நின்று சோறு சாப்பிட்டேன். யாரோ கேட்டார், போட்டாச்சோ? ஓம் என்றேன். பட்டியலில் பெயரில்லாத ஐந்து பேர் என் முதுகில் தட்டினார்கள்.

தொகுதி நியூஹாம் வடகிழக்கு. என் வோட்டு இல்லாமலே தொழிற்கட்சி அங்கே சுகமாக வென்றது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தேர்தலில்தான் கிளமோகன் பள்ளத்தாக்குத் தொகுதியில் டோரி 19 வாக்கால் வென்றார் என்று பிறகு வாசித்தபோது பத்திரிகையை மடித்து வைத்தேன்.

வான்காரர் கதையிலும் ஒரு துண்டை விட்டுவிட்டேன். ‘வெண்டிட்டம்’ என்று சொன்ன பிறகு அவர் கேட்டார், நீ போட்டியா என்று. போட்டேன், லேபருக்கு என்றேன். “சரி, விடு” என்றார். இரண்டு பக்கமும் ஒரே கண்ணாடி.

21 யூலை 2024, மாலை 6.15

கீழ் அறை அண்ணை கனடாவிலிருந்து போன் எடுத்தார். இப்போது எழுபத்தொரு வயது. மகள் இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினாளாம். நான் வோட்டுப் போடாத இடம் வந்ததும் நிப்பாட்டச் சொல்லிவிட்டு எனக்கு அடித்திருக்கிறார். ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“தம்பி, நீ போட்டிட்டாய் எண்டு நினைச்சுத்தான் நான் போகேல்லை. ஒரு வீட்டுக்கு ஒண்டு காணும் எண்டு.”

அப்போ அந்தப் பத்துப் பவுண்?

“அது வேற. அது கட்டினனான்தானே.”